ஆயா குரலை இறக்கிய இடங்கள்

குமிழைத் திருகும்போது மட்டும் வருகிற சத்தம் குமிழின் சத்தம். திருகாமல் சும்மா இருக்கும்போதும் வருகிற சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது. ஒலிக்கருவிகளைப் பழுது பார்க்கிறவன் முதலில் படிக்கிற பாடம் இதுதான். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்க காலனியிலேயே மைக் செட் வைத்திருந்த மாமா. அவர் இப்படிச் சுத்தத் தமிழில் சொல்லவில்லை. "கைய எடுத்தா நிக்குதா? அப்ப கை வெச்ச எடத்துலதான்டா கோளாறு. பாடறவன் மேல ஏன்டா பழியப் போடற?" என்பார்.

இந்தக் கட்டுரை ஒரு ஹெட்போன் ஆம்பிளிபயரின் வால்யூம் கண்ட்ரோலில் வந்த கரகரப்பைப் பற்றியது. இதில் இலக்கியம் எங்கே, அரசியல் எங்கே என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கரகரப்பு ஒரு கிழவியின் வாக்குமூலத்தில் 19 ஓட்டைகளைப் போட்டிருந்தது. அந்த ஓட்டைகளுக்குள் ஒரு கழனி காணாமல் போயிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். லீவு நாளெல்லாம் மாமாவோடு செட்டு கட்டப் போவேன். கூம்பு ஸ்பீக்கரைப் பனைமரத்தில் ஏற்றுவது, ஒயர் இழுப்பது, பேட்டரி தூக்குவது என் வேலை. ஊர்த்தெருக் கல்யாணத்துக்கும் எங்க செட்டுதான் போகும். ஆம்பிளிபயர் பெட்டியை நான் நடுவாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், தீட்டு இல்லை. தண்ணி கேட்டால் மட்டும் தனி டம்ளர். பெட்டிக்குத் தீட்டு இல்லாமல், பெட்டியை ஓட்டுகிறவனுக்கு மட்டும் எப்படித் தீட்டு வருகிறது என்று கேட்டதற்கு மாமா பதில் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தார்.

குமிழைத் திருகும்போது 'கரகர'வென்று வந்தால் நாலு தெருவுக்கும் கேட்கும். "காலனிப் பையன் செட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வாய் சொல்லும். அந்த வாய்க்காகவே மாமா ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து கண்ட்ரோல்களைத் துடைத்து, காதை வைத்துத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். எங்க சனங்களுக்குத் தொழில் சுத்தம் என்பது வெறும் தொழில் சுத்தமாக மட்டும் இருக்க விடப்பட்டதில்லை. நான் அப்புறம் வேறு வேலைக்குப் போனேன். ஆனால் மீட்டரும் சால்டரிங் அயர்னும் கையை விட்டுப் போகவில்லை.

இனி நாடாக்களின் கதை.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய சனங்கள் மீது போலீசு சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு செங்கல்பட்டுப் பக்கம் காலனி காலனியாக ஒரு கேள்வி கிளம்பிற்று. நம்ம ஊரிலே இந்த நிலம் எது? யார் கையில் இருந்தது? எப்படிப் போச்சு? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, அதையொட்டி 1892இல் வந்த அரசாணை 1010, பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம் என்கிற நிபந்தனை, இதெல்லாம் படித்தவர்கள் வாயில் வந்தது. கழனியின் பேரும் எல்லையும் கிழவன் கிழவிகள் வாயில்தான் இருந்தது.

எங்க நண்பர் ஒருவர் அப்போது ஒரு கையடக்க டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். 1995 முதல் 1997 வரைக்கும் 21 கேசட்டுகள் பதிந்தார். எல்லாம் 60 நிமிடக் கேசட்டு, பக்கத்துக்கு அரை மணி. தனி மைக் கிடையாது, மெஷினிலேயே இருக்கிற மைக்தான். திண்ணையில் வைத்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார். கோழி கத்துவது, குழந்தை அழுவது, பஸ் போவது எல்லாம் அதில் உண்டு. நண்பர் இப்போது இல்லை. பேசினவர்களிலும் அநேகமாக யாரும் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னில் கேசட்டுகள் மட்டும் இருந்தன.

குரல் பதிவாகி இருப்பது சாதாரண விஷயம் இல்லை. 1955இல் பி.பி.சி. வானொலிக்குக் கொடுத்த பேட்டி இருப்பதால்தான் அம்பேத்கரின் குரலை, அந்தக் கோபத்தோடும் அந்த நிதானத்தோடும் இன்றைக்கும் ஒரு கல்லூரிப் பையன் கேட்க முடிகிறது. புதுச்சேரிப் பக்கத்துக் காலனிப் பெண் வீரம்மாவின் வாழ்க்கை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்ததும், அவர் பேசப் பேச ஒருவர் நாடாவில் பதிந்ததால்தான். எழுதப் படிக்க விடாத சனங்களுக்கு நாடாதான் ஏடு. அந்த ஏட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட வேறு பிரதி கிடையாது.

2022இல் நாலு பேர் சேர்ந்து அந்த 21 கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பழைய நாடா திரும்பத் திரும்ப ஓட்டத் தாங்காது. அதன் அகலமே 4 மில்லிமீட்டருக்குக் கீழே. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. மேலே பூசிய பொடி உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அதனால் டெக்கின் ஹெட்டைத் துடைத்து, ஒவ்வொன்றையும் ஒரே தடவை முழுதாக ஓட்டிப் பிடித்துக்கொண்டோம். இனிமேல் கேட்பதெல்லாம் கம்ப்யூட்டர் நகலைத்தான்.

கேட்டு எழுதுகிற வேலையை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். நல்ல பையன், நல்ல காது. ஹாஸ்டலில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்க முடியாது. கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் அவரிடம் இருந்த பெரிய ஹெட்போனுக்குச் சத்தம் பத்தவில்லை. அதற்காக ஒரு சின்ன ஹெட்போன் ஆம்பிளிபயர் வாங்கினார். உள்ளங்கை அகலம்தான். முன்பக்கம் ஒரு குமிழ், இரண்டு துளை. அதன் கம்பெனிப் பேர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

முதல் கேசட்டை எழுதி முடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆயாவின் பேச்சு. நடவு, அறுப்பு, மரக்கால் அளந்த கணக்கு, பஞ்ச காலத்தில் என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அவர் பேசின மாதிரியே இருந்தது. ஆனால் 19 இடத்தில் 'கேட்கவில்லை – நாடா சேதம்' என்று போட்டிருந்தது. பழைய நாடா, அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் அடுத்த வேலைக்குப் போனார்கள்.

நான் அந்த 19 இடங்களுக்கும் முன்னால் பின்னால் இருக்கிற வரிகளைப் படித்தேன். ஒரு இடத்துக்கு முன்னால் "அத இன்னாத்துக்கு இப்ப கேக்கற" என்று இருந்தது. இன்னொரு இடத்தில் "அவரு பேர நான் சொல்லக் கூடாது, இருந்தாலும்" என்று வந்து அங்கே ஓட்டை. வேறொரு இடத்தில் "எம் மாமனாருதான் கைநாட்டு வெச்சாரு, எதுக்குன்னா" என்று வந்து அங்கே ஓட்டை. நடவைப் பற்றிப் பேசுகிற இடத்தில் ஓட்டையே இல்லை. பேய் பிசாசைப் பற்றி முழுசாக எட்டு நிமிடம் பேசுகிறார், அங்கேயும் ஓட்டை இல்லை. நாடாவில் பூசணம் பிடிக்கிறதென்றால் அது பேச்சைக் கேட்டா பிடிக்கும்? ஆள் பேரும் நிலத்தின் பேரும் வருகிற இடமாகப் பார்த்தா நாடா கெட்டுப்போகும்?

தம்பியிடம் போய்க் கேட்டேன். "எத்தினி வாட்டி கேட்டாலும் கரெக்டா அதே எடத்துலதான் கரகரன்னு வருதுண்ணா. வேற எடத்துல வந்தா மெஷினச் சொல்லலாம். அதே எடத்துல வந்தா நாடாலதான இருக்கணும்?" என்றார். தப்பே சொல்ல முடியாத வாதம். அவரை மறுபடி கேட்கச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெட்போன் அவர் காதில். எனக்கு ஒன்றும் கேட்காது. நான் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயா பேசிக்கொண்டே வருகிறார். கை சும்மா இருக்கிறது. ஆள் பேர் வருகிற இடத்தில் ஆயா குரலை இறக்குகிறார். ஏன் இறக்குகிறார் என்று நம்ம யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டை செத்து எத்தனையோ வருசம் ஆகியும், திண்ணையில் நம்மாளு ஒருத்தர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தும், அந்தப் பேரைச் சொல்லும்போது குரல் தானாக இறங்குகிறது. குரல் இறங்கியதும் தம்பியின் கை குமிழுக்குப் போகிறது. திருகுகிறார். முகம் சுளிக்கிறது. கரகரப்பு வந்துவிட்டது. பேர் போய்விட்டது. பின்னால் தள்ளி மறுபடி ஓட்டுகிறார். அடுத்து ஒரு கோழி பெரிசாகக் கத்துகிறது, கை குமிழை இறக்குகிறது. மறுபடி ஆயா குரலை இறக்குகிறார். மறுபடி கை போகிறது.

ஒவ்வொரு வாட்டியும் அதே இடத்தில் கரகரப்பு வந்ததற்குக் காரணம் நாடா அதே இடத்தில் கெட்டிருப்பது இல்லை. ஆயா ஒவ்வொரு வாட்டியும் அதே இடத்தில் குரலை இறக்குவதும், கேட்கிறவன் ஒவ்வொரு வாட்டியும் அதே இடத்தில் குமிழைத் தொடுவதும்தான் காரணம்.

சந்தேகம் மட்டும் போதாது, சோதிக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு, ஒன்றும் ஓடாதபோது குமிழை அடியிலிருந்து முடி வரைக்கும் மெதுவாகத் திருகச் சொன்னேன். கரகரவென்று வந்தது. முக்கால் பங்கு ஏறிய இடத்தில் வலது காது போய்ப் போய் வந்தது. அடுத்து, ஹெட்போன் ஒயரை ஆட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. வேறு ஒரு ஹெட்போனைச் செருகிப் பார்த்தோம், அதிலும் வலது காதுதான் போய்ப் போய் வந்தது. அப்படியானால் ஹெட்போன் நன்றாக இருக்கிறது, கோளாறு பெட்டியில். கடைசியாக, நகலுக்கு ஒரு நகல் எடுத்து, அந்தக் குறிப்பிட்ட ஒரு நிமிடத்தை மட்டும் கம்ப்யூட்டரிலேயே 12 டெசிபல், அதாவது நாலு மடங்கு, தூக்கி வைத்தேன். குமிழைத் தொடாமல் ஓட்டினோம். நாடாவின் 'உஸ்' இரைச்சல் கூடிற்று, ஆயாவின் மூச்சு கூடிற்று. கரகரப்பு இல்லை.

எல்லாவற்றையும் இப்படியே தூக்கி வைத்துக் கேட்டுவிடலாமே என்று தம்பி கேட்டார். முடியாது. உரத்த இடங்களும் சேர்ந்து நாலு மடங்கு ஏறும். குழந்தை வீறிட்டு அழுகிற இடத்தில் காது கிழிந்துவிடும். திண்ணைப் பேச்சைக் கேட்கிறவனுக்குக் கை எப்போதும் குமிழில்தான் இருந்தாக வேண்டும். இன்னும் 20 கேசட் இருக்கிறது. ஆக, குமிழைச் சரி செய்தாக வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன். வால்யூம் கண்ட்ரோல் என்பது ஒன்றும் மாயம் இல்லை. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு கரித்தடம். அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கால். நடுக்கால் ஒரு சின்ன உலோக விரலோடு சேர்ந்தது. குமிழைத் திருகினால் அந்த விரல் கரித்தடத்தின் மேல் தேய்த்துக்கொண்டு ஓடும். ஒரு முனையில் முழுச் சத்தம், மறுமுனையில் எர்த். விரல் எங்கே நிற்கிறதோ அந்த அளவு சத்தம் உள்ளே போகும். இரண்டு காதுக்கும் இரண்டு தடம், ஒரே தண்டில் அடுக்கியிருக்கும்.

தூசி விழும், கொசுவர்த்திப் புகை படியும், உலோக விரல் காற்றில் கறுக்கும், தேய்ந்த கரிப்பொடி தடத்திலேயே கிடக்கும். விரல் இதன் மேல் ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகாமல் துள்ளித் துள்ளிப் போகும். அந்தத் துள்ளல்தான் காதில் கரகரப்பு. எப்போதும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேயும்.

இதற்கு முதல் வைத்தியம் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. கால்களுக்கு மேலே தெரிகிற சந்தில் கொஞ்சமாக அடித்து, மின்சாரம் இல்லாமல் முழுச் சுற்றாக இருபது முப்பது தடவை திருகி, நன்றாகக் காய விட்டுப் பிறகு போட வேண்டும். நான் பெட்ரோலை நனைத்துத் துடைக்கிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். தையல் மெஷின் எண்ணெய் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் தீப்பிடிக்கும், தண்டில் இருக்கிற கிரீசையும் கழுவிக்கொண்டு போகும். எண்ணெய் அன்றைக்குச் சத்தத்தை அடக்கும், அடுத்த மாதம் தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்னைவிட மோசமாகும்.

துடைத்த பிறகு கரகரப்பு குறைந்தது, நிற்கவில்லை. மாமா சொல்வார்: "தொடச்சும் கேக்குதுன்னா அழுக்கு மட்டும் இல்லடா, எங்கியோ டிசி ஒழுகுது. மீட்டர வெச்சிப் பாரு." பேச்சும் பாட்டும் மாறுமின்சாரம், ஏசி. அது மட்டும் குமிழ் வழியாகப் போனால் சின்னச் சின்ன துள்ளலைக் காது கண்டுகொள்ளாது. அதோடு நேர்மின்சாரம், டிசி, கொஞ்சம் கலந்து நின்றால், விரல் துள்ளுகிற ஒவ்வொரு முறையும் அந்த டிசி விட்டு விட்டுப் போய், துள்ளல் முழுதும் சத்தமாக ஆம்பிளிபயருக்குள் போகும்.

மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை எர்த்திலும் சிவப்பு முனையை நடுக்காலிலும் வைத்தேன். ஒன்றும் செருகாதபோதே, குமிழை ஏற்ற ஏற்ற மைனஸ் 9 மில்லிவோல்ட் வரைக்கும் போயிற்று. கம்ப்யூட்டர் ஒயரைச் செருகினால் அளவு மாறியது, ஒழியவில்லை. காரணம் உள்ளேயே இருந்தது. அந்தப் பெட்டியில் இருந்த ஐசி என்இ 5532. பேர்போன ஐசி, நல்ல ஐசி. ஆனால் அது வேலை செய்ய அதன் உள்நுழைவுக் கால் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுக்கும், சாதாரணமாக 200 நானோ ஆம்பியர். பெட்டியைச் செய்தவர்கள் குமிழின் நடுக்காலை நேராக ஐசியோடு சேர்த்துவிட்டார்கள். இடையில் ஒரு கண்டன்சர் இல்லை. குமிழ் 50 கிலோ ஓம். 200 நானோ ஆம்பியர் 50 கிலோ ஓம் வழியாகப் போனால் 10 மில்லிவோல்ட். மீட்டர் காட்டினதும் கணக்கும் ஏறக்குறைய சரியாக நின்றது. விரல் ஒரு கணம் தடத்தை விட்டு எழும்பினால் அந்த மின்னோட்டத்துக்கு வழியே இல்லை, ஐசியின் கால் அந்தரத்தில் தொங்கும். அதுதான் 'கர்'.

ஆக, அழுக்கைத் துடைத்தது சரி. ஆனால் அழுக்கைச் சத்தமாக்கியது பெட்டியின் கட்டுமானம். துடைத்துத் துடைத்து விட்டாலும் கட்டுமானத்தை மாற்றாத வரைக்கும் அது திரும்பி வரும். இந்த வாக்கியத்தை மின்சாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோழர்கள் வேறு எதற்கு எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நாலு சாமான் வாங்கி வந்தேன். ஒன்று, புதுக் கண்ட்ரோல், 50 கிலோ ஓம், இரட்டைத் தடம், 'ஏ' குறி போட்டது. ஆசியச் சரக்கில் 'ஏ' என்றால் காதுக்கு ஏற்ற மாதிரி படிப்படியாக ஏறுவது, 'பி' என்றால் நேர்கோட்டில் ஏறுவது. 'பி'யைப் போட்டால் முதல் கால் சுற்றிலேயே சத்தம் எல்லாம் வந்துவிடும், மீதிக் குமிழ் வெட்டி. இரண்டு, ஓபிஏ 2134 ஐசி. 5532 இருந்த எட்டுக்கால் சாக்கெட்டில் அப்படியே உட்காரும், ஹெட்போனையும் தாங்கும். இது இழுக்கிற மின்னோட்டம் 5 பிகோ ஆம்பியர் அளவு, பழசில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று, 1 மைக்ரோ ஃபாரட் பாலியஸ்டர் கண்டன்சர் இரண்டு. குமிழுக்கு முன்னால், காதுக்கு ஒன்றாக வைத்தால் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற டிசியும் நிற்கும். 50 கிலோ ஓமோடு சேர்ந்து 3 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதைத்தான் அது தடுக்கும், மனுசர் பேச்சில் ஒன்றும் குறையாது. நாலு, 1 மெகா ஓம் ரெசிஸ்டன்ஸ் இரண்டு. ஐசியின் உள்நுழைவுக் காலிலிருந்து எர்த்துக்கு. விரல் எழும்பினாலும் கால் அந்தரத்தில் தொங்காது.

பத்தவைத்து முடித்து மீட்டரை வைத்தால் குமிழ் எங்கே இருந்தாலும் பூஜ்யம். காதில் வைத்துத் திருகினால், சும்மா இருந்தது.

பிறகு தம்பியும் நானும் 19 இடங்களையும் மறுபடி கேட்டோம். மூன்று நாள் ஆயிற்று. 14 இடம் தெளிவாகக் கிடைத்தது. மூன்று இடத்தில் நாடா உண்மையிலேயே கெட்டிருந்தது. சத்தம் மங்கி, அமுங்கி, திரும்பி வருகிறது. அந்தச் சேதத்தில் கரகரப்பே இல்லை. மீதி இரண்டு இடத்தில் ஆயா பேசவே இல்லை. மூச்சு கேட்கிறது, வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்கிறது, பதில் இல்லை. நண்பர் திரும்பக் கேட்கிறார். ஆயா, "வுடு சாமி" என்கிறார்.

'கேட்கவில்லை' என்பது வேறு, 'பேசவில்லை' என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் ஆயாவின் மௌனம் மெஷின் கோளாறாகிவிடும். தம்பி அந்த இரண்டு இடத்திலும் 'பேசாமல் இருக்கிறார்' என்று மாற்றி எழுதினார். எத்தனை நொடி என்பதையும் எழுதினார்.

கிடைத்த 14 இடங்களில் ஆண்டையின் பேர் இருந்தது. கழனிக்கு எங்க சனங்கள் வைத்திருந்த பேர் இருந்தது. கிழக்கே எந்த ஓடை, மேற்கே யாருடைய கொல்லை என்று எல்லை இருந்தது. மாமனார் எதற்குக் கைநாட்டு வைத்தார் என்பதும் இருந்தது. "எங்க மாமியா செத்துட்டாங்க. சாவு எடுக்கக் காசு இல்ல. ரெண்டு மூட்ட நெல்லு குடுத்தான். கைநாட்டு வாங்கினான். அறுப்பு முடிஞ்சதும் திருப்பிக்கலாம்னான். அறுப்பு வந்திச்சி, கழனிலயே எறங்காதன்னுட்டான்." இதைச் சொல்லும்போதும் குரல் கீழேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது.

பேரை நான் இங்கே எழுதவில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டு நகல் கேட்டு மனு போட்டிருக்கிறோம். நாடா பத்திரம் ஆகாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எந்தப் பத்திரத்தை, எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதை நாடாதான் சொல்லும். 'கேட்கவில்லை' என்று அச்சாகியிருந்தால் அதைத் தேடவே யாருக்கும் தோன்றியிருக்காது. ஆயாவே சொல்லாமல் போய்விட்டார் என்றுதான் நாளைக்கு ஒரு ஆய்வாளர் எழுதுவார்.

நம்ம ஊர்களில் இந்த மாதிரி பிஸ்கட் டின்கள் நிறைய இருக்கின்றன. கேட்டு எழுதுகிற தோழர்களுக்குச் சொல்கிறேன். கரகரப்பு வந்தால் முதலில் கையை எடுங்கள். நின்றால் அது குமிழ். ஒயரை ஆட்டினால் வருகிறதென்றால் ஒயர் அல்லது துளை. பெட்டியின் மேல் விரலை வைத்தால் உறுமல் மாறுகிறதென்றால் எர்த். விட்டு விட்டு 'டட்டட்' என்று வந்தால் பக்கத்தில் இருக்கிற செல்போனைத் தள்ளி வையுங்கள். ஒரு காது போனால் வேறு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். இதெல்லாம் பார்த்து, கம்ப்யூட்டரிலேயே சத்தத்தைத் தூக்கி, குமிழைத் தொடாமல் ஒரு தடவை கேட்ட பிறகும் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் அப்போது 'நாடா சேதம்' என்று எழுதுங்கள். எழுதினாலும் நிமிடமும் நொடியும் குறித்து வையுங்கள். நாளைக்கு நம்மைவிட நல்ல காது ஒன்று வரும்.

எழுதி முடித்த பிரதியில் ஓட்டைகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று ஒரு தடவை தனியாகப் பாருங்கள். அவை இஷ்டத்துக்குச் சிதறிக் கிடந்தால் நாடாவைச் சந்தேகப்படலாம். ஆள் பேர் வருகிற இடம், நிலம் வருகிற இடம், பெண்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வருகிற இடம் என்று பார்த்துப் பார்த்து விழுந்திருந்தால் நாடாவை விட்டுவிடுங்கள். நம்ம சனங்கள் எங்கே பயந்து குரலை இறக்கினார்களோ அங்கேதான் நம்ம கை குமிழுக்குப் போகும். அந்த இடத்தில் வேலை செய்யாத குமிழ் எங்கேயும் வேலை செய்யாத குமிழ்தான்.

மீதி 20 கேசட்டில் 11 முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதைத் தம்பி இந்த வாரம் தொடங்குகிறார். மைக் செட் மாமா பேசியிருக்கிற கேசட் அது.